கறுப்பனைக் கட்டிப்போட்ட மரம்

அடியார்களே, என் நாயை நானே காட்டில் கட்டிப்போட்டேன். அதை ஒப்புக்கொள்ளாமல் ஈசன் செய்த உதவியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐம்பத்தேழாம் வருடம், மாசி மாதம். டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பத்துப் பேர் விரதமிருந்து சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டோம். நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்தே என் நாய் கறுப்பன் பின்னால் வந்துவிட்டான். விரட்டியும் போகவில்லை. காலையில் மலையேறத் தொடங்கியதும், எங்களைக் கூட்டிப்போன கங்காணி நின்றுவிட்டார்.

"விரதக்காரங்களோட நாயாய்யா ஏறும்? கட்டிட்டு வா."

இறங்கும்போது அவிழ்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போகிறவர்கள் பார்த்துக் கேலி செய்வார்களே என்று, பாதையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மரத்தில் கட்டினேன்.

உச்சியில் ஈசன் பாதம் கும்பிட்டதும், "இரத்தினபுரிப் பக்கமா இறங்குவோம், மச்சான் வீட்டுல சாப்பாடு" என்றார் கங்காணி. கறுப்பனோ நாங்கள் ஏறிவந்த பக்கத்தில் கட்டிக்கிடந்தான். ஆனால் நான் கூச்சக்காரன். அவர் பேச்சை மறிக்க நா எழவில்லை. ஒரு மணி நேரம் கூடவே இறங்கிய பிறகுதான் சொன்னேன்.

"இத உச்சியிலயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

எல்லாரும் சிரித்தார்கள்.

தனியாகத் திரும்பி ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு. கட்டிக்கிடக்கும் நாயால் ஓட முடியாது. "ஈசனே, தப்பு என்னோடது. தண்டனைய அதுக்குக் குடுத்துடாதே" என்று அழுதுகொண்டே உச்சியைத் தாண்டி இறங்கினேன். உச்சியில் கேட்ட வரம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

மரத்தடியில் அறுந்த கயிறுதான் கிடந்தது. சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கீழே குரைப்புக் கேட்டது. அவன் குரல்தான்.

பாதையோரத் தேநீர்க் கடையில் கறுப்பன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஊளைச் சத்தம் கேட்டுக் காட்டுக்குள் போய்க் கயிற்றை அறுத்துக் கூட்டிவந்தவர் அந்தச் சிங்களக் கடைக்காரர். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"நாய் கட்டிப்போட்டு சாமி கும்பிடுறதா? என்ன மனுசன் நீங்க?"

குனிந்து அவர் காலைத் தொட்டேன். கறுப்பன் உடனே என்னிடம் வரவில்லை. வெகுநேரம் அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, பிறகுதான் என் கையை முகர்ந்தான்.

அதற்குப் பிறகு, காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் அநியாயம் நடந்தால் நான் பேசுகிறேன். குரல் நடுங்கும்; ஆனாலும் பேசுகிறேன்.

தப்பு செய்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்குகிறவர்களே, அந்த முகத்தோடேயே கேளுங்கள். ஈசன் எனக்குச் செவி கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார்.