பெற்றவளுக்குப் பத்தியம்

கிள்ளானில் தையல் கடை வைத்திருக்கும் உஷாராணி, கருப்பை எடுக்கப்பட்ட அக்கா லோகேஸ்வரியின் கருவைத் தன் வயிற்றில் சுமந்து பெற்றாள். சட்டத்துக்குப் பெற்றவளே தாய். பிறப்புப் பத்திரத்தில் அவள் பெயர்தான். அக்கா இனிமேல்தான் தத்தெடுக்க மனுப் போட வேண்டும்.

பிள்ளை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன மறுநாள் வீடு வெறிச்சென்றிருந்தது. உஷாவுக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. இனி நம்மை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

வாசலில் அக்கா நின்றாள், கையில் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்புமாக. அன்றிலிருந்து முப்பது நாளும் வந்து பத்தியம் பார்த்தாள், வெந்நீர் ஊற்றினாள்.

"பிள்ளை அழுவான், வீட்டுக்குப் போக்கா."

"அவனுக்கு அவங்கப்பா இருக்காரு. அவனைப் பெத்தவளுக்கு நான் இருக்கேன்லா. திரும்பு, முதுகுக்கு வெந்நீர் ஊத்துறேன்."

உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகைக் காட்டினாள்.