நாப்பதடியில முகம் தெரியணும்

கடத்தூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் சொச்சம் கொல்லையும் அதிலேயே ஓட்டு வீடுமாக ராஜமேரி தனியாக இருந்தாள். கணவர் இன்னாசிராஜ் இறந்து ஆறு வருஷம். மகன் ஜோசப் ராஜுக்குப் பெங்களூரில் வேலை. ஐம்பத்தாறு வயதிலும் தானே தண்ணீர் பாய்ச்சி, தானே பூப்பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறவள்.

பக்கத்துக் கொல்லைக்காரன் குப்புராஜ். இரண்டு கொல்லைக்கும் நடுவே நட்டிருந்த எல்லைக்கல் இடம் மாறியிருப்பது ஒருநாள் அவள் கண்ணில் பட்டது. சாமந்திப் பாத்தியின் கடைசி வரிசைக்கு அப்பால் இருந்த கல், வரிசையை ஒட்டி நின்றது. கிணற்று மேட்டிலிருந்து கயிறு பிடித்து அளந்தாள். பழைய அளவுக்கு ஒரு சாண் குறைந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்தாள். இன்னொரு சாண்.

"கல்லுக்குக் காலா மொளச்சிருக்கு?" என்று குப்புராஜ் சிரித்தான். "கயித்தத் தப்பாப் புடிச்சிருப்பீங்கக்கா."

ஊர்ப் பெரியவர் மாதையனிடம் போய்ச் சொன்னாள். "தனியாக் கெடந்தா மனசு எதையாச்சும் நெனைக்கத்தாம்மா செய்யும்" என்றார். நிலத்தை அளந்து தரச் சொல்லி மனுவும் கொடுத்திருந்தாள், தேதி வந்தபாடில்லை. போனில் மகன் அவர்களையெல்லாம் மிஞ்சினான்: "உனக்கு மறதி வந்திருக்கும்மா. ஒரு டாக்டரப் பாக்கலாம்."

சாண் சாணாக நிலம் போவது ஒரு பக்கம். புத்தியே போய்விட்டதென்று பெற்ற பிள்ளை சொல்கிறானே!

மறுநாள் காலை பஸ் ஏறித் தர்மபுரி போய், உசேனின் கேமராக் கடையில் நின்றாள்.

"வூட்டுக்கு வெளிய மாட்டற கேமரா காட்டுங்க."

உசேன் ஒரு டப்பாவைப் பிரித்தார். "இது நல்லாப் போற மாடலும்மா. சுத்திச் சுத்திப் பாக்கும், ஆள் வந்தா போனுக்கு மெசேஜ் வரும். வூட்ல பையன் இருந்தா வரச் சொல்லுங்க, வெவரமாச் சொல்றேன்."

"வாங்கறது நான். எங்கிட்டயே சொல்லுங்க. எங்க எல்லைக்கல்லு செவுத்துலருந்து நாப்பதடி. அங்க நிக்கறவன் மொகம் தெரியுமா?"

"பளிச்சுனு தெரியும்."

"அப்ப எதிர்ல அந்த டீக்கடைகிட்டப் போய் நில்லுங்க."

உசேன் விழித்தார். அவள் விடவில்லை. வேறு வழியில்லாமல் ரோட்டைத் தாண்டிப் போய் நின்றார். ராஜமேரி போனில் பார்த்தாள். தெருவே தெரிந்தது, உசேன் மட்டும் எறும்பளவு. பெரிதாக்கினால் முகம் கலங்கிப் போனது.

"இது வேணாம்!" என்று இங்கிருந்தே கத்தினாள்.

இரண்டாவதில் பார்வை குறுகல், முகம் பரவாயில்லை. ஆனால் அதற்கு வைஃபை வேண்டும். கொல்லையில் வைஃபைக்கு எங்கே போவது? மூன்றாவது, சிம் போட்டு ஓடுவது. கூடவே சின்ன சோலார் பலகை, கரண்ட் போனாலும் கவலையில்லை. அதில் பார்த்தபோது உசேனின் தாடி நரைகூடத் தனியாகத் தெரிந்தது.

"இத்தன வருசத்துல யாரும் என்னை இப்படி நடக்க வெச்சதில்லம்மா" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார் உசேன்.

"மொகம் தெரியலன்னா என் பேச்ச எவன் நம்புவான்?" என்றாள்.

குப்புராஜ் பொம்மிடிக்குக் கல்யாணத்துக்குப் போன நாளாகப் பார்த்து மாட்ட வைத்தாள். ஓட்டின்மேல் பலகை, கூரை விளிம்பில் இறவாணத்து நிழலில் கேமரா. அவள் சர்ச்சுக்குப் போயிருந்த இரண்டு ஞாயிறும் ஒன்றுமில்லை. மூன்றாவது ஞாயிறு, சர்ச்சில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தாள். குப்புராஜ் கடப்பாரையால் கல்லைப் பிடுங்கி, ஒரு சாண் இந்தப் பக்கம் நட்டு, காலால் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி யுவராணி ரோட்டைப் பார்த்தபடி காவல் நின்றாள்.

நேரே மாதையன் வீட்டுக்குப் போய், குப்புராஜையும் கூப்பிடச் சொன்னாள்.

"கல்லு சாஞ்சிருந்துச்சு, நிமித்தி வெச்சேன்" என்றான் அவன்.

அவள் படத்தை மறுபடி ஓட்டிக் காட்டினாள். அவன் தலை தொங்கிப்போனது.

"நல்ல வேளை கேமரா வாங்கினம்மா. இப்பத்தான் நெசம் தெரிஞ்சுது" என்றார் மாதையன்.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "இப்பத்தான் தெரிஞ்சுதா? நாலு மாசமா இதே வாசல்ல நின்னு நான் சொன்னது என்னங்க? நான் சொன்னா பைத்தியம், டப்பா சொன்னா நெசமா?"

மாதையன் குப்புராஜ் பக்கம் திரும்பி, "சாயங்காலம் கடப்பாரையோட வா" என்றார்.

அன்று சாயங்காலமே, ஊரார் பார்க்க, அவள் கயிறு பிடிக்க, குப்புராஜ் கல்லைப் பழைய இடத்தில் நட்டான். நட்டு நிமிர்ந்தவனிடம், "இன்னும் ரெண்டு விரக்கடை தள்ளி நடு" என்றாள். மறுபடி பிடுங்கி நட்டான்.

சேதி கேட்டு மகன் கூப்பிட்டான். "மனசுல வெச்சுக்காதம்மா. அந்தக் கேமராவ என் போன்லயும் போட்டுக் குடு, நான் இங்கருந்தே பாத்துக்கறேன்."

"வேணாம். பாக்கணும்னா பஸ் ஏறி வந்து பாரு" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவன் வந்தான். கறி எடுத்துக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். திங்கட்கிழமை காலை அவன் கிளம்பும்வரை, கேட்டதற்குப் பதில் சொன்னாளே தவிர, தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.