வலது தோள் கீரி

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. என் தையல் கடையில் இருந்தது மூன்றே பேர். நான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருக்கும் மாடசாமி – லீவு முடிந்து அன்று சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறவர். அவருடைய அப்பா, ரிட்டயர்டு சுபேதார் கருப்பையா அண்ணாச்சி. மகன் இருக்கும் அதே டிவிஷனில் இருந்தவர்.

அந்த டிவிஷனுக்குச் சின்னம், பாயும் கீரி. சட்டையின் இரண்டு தோளிலும் துணி பேட்ஜாக இருக்கும். மாடசாமியின் வலது பேட்ஜை டிரங்குப் பெட்டிக்குள் எலி கடித்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கிய மறுநாளே புது கமாண்டர் பொறுப்பேற்கும் அணிவகுப்பு. முன்வரிசையில் மாடசாமிக்கு இடம். உடுப்பில் குறை கண்டால் வரிசையை விட்டு வெளியே நிறுத்திவிடுவார்களாம்.

நாலு நாளைக்கு முன்பே மாடசாமி இடது பேட்ஜைக் கொடுத்து, "இதே மாரி ஒண்ணு" என்றிருந்தார். கூலி மூன்று ரூபாய் என்று பேச்சு.

நாலு நாள் எனக்குத் தூக்கமில்லை. நூல் கலர் சரியா? வால் தடித்துவிட்டதா? மீசையில் எத்தனை முடி..? அச்சு அசலாக வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடசாமி சட்டையை மாட்டினார். அண்ணாச்சி சுற்றி வந்து பார்த்தார். வலது பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"வே, இது எங்கன ஓடுது?"

"அதே கீரிதான் அண்ணாச்சி..."

"அதாம்வே சொல்லுதேன். இடது கீரி எதிரியப் பாத்துப் பாயுது. வலது கீரி வீட்டப் பாத்து ஓடுது. எங்க மொத கமாண்டர் வச்ச முறை – ரெண்டும் முன்னாலதான் பாக்கணும். முதுகு காட்டப்பிடாது."

கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். ஏழாவதோடு நின்ற எனக்கு இது எங்கே தெரியும்? கவலைப்பட்டதெல்லாம் வாலுக்கும் மீசைக்கும். தப்பு நடந்தது, நான் கவலையே படாத இடத்தில். உங்களுக்கும் அப்படித்தானே?

ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம். பிரித்தேன். புதுத் துணி எடுத்தேன். மிஷினில் பாதி, ஸ்டேஷன் பெஞ்சில் கையால் பாதி. சிக்னல் விழுந்தபோதுதான் கடைசி முடிச்சு.

அதற்கப்புறம் தபால்காரர் கடையைத் தாண்டும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன்.

நேற்று அண்ணாச்சி கடிதத்தோடு வந்தார்.

"வரிசையில நின்னுட்டான் வே. கமாண்டர் ரெண்டு தோளையும் பாத்தாராம், ஒண்ணும் சொல்லலியாம். கூட உள்ள பயலுவதான் சிரிக்கானுவளாம் – வலது கீரி, இடது கீரிக்குச் சித்தப்பா மாரி இருக்காம்."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் அசதி. மெதுவாகக் கூலியைக் கேட்டேன்.

"ஓடிப்போன கீரிக்கு எவன் வே காசு குடுப்பான்? ரெண்டாவதுக்குத் தாரேன். பென்ஷன் வரட்டும்."

ஆக, பாக்கி மூன்று ரூபாய்.