ஐஸ் கேட்டு வந்தவள்

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட் கதவைத் தட்டி ஒரு வெள்ளைக்காரி ஐஸ் கேட்டாள். பிரிட்ஜின் மேல்தட்டுச் சுவரில் தடித்துப்போய் ஒட்டியிருக்குமே, அது. தான் ஒரு ஓவியக்காரி என்றும், சுரண்டி எடுத்துப்போகலாமா என்றும் கேட்டாள். கனடாவில், அதுவும் மாசி மாதத்தில், வீடு வீடாக ஐஸ் கேட்டு யாராவது வருவார்களா? கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் அவளை மேலும் கீழும் பார்த்தேன்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். உள்ளே என் அண்ணா இருந்தார். அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்து, நாட்டை விட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். பிடிபட்டால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் வாய்விட்டுப் பேசுவதேயில்லை.

கதவு தட்டினால் என்ன செய்வதென்று ஒரு பழக்கம் வைத்திருந்தோம். வாசலில் கிடக்கும் சப்பாத்துகளைப் பார்த்தாலே வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். என் கணவர் அண்ணாவுடையதை அள்ளிக் குளியல் தொட்டிக்குள் போட்டார். பிடிக்க வருகிற அதிகாரிகள் அறைகளைத் திறந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அண்ணா பல்கனிக்குப் போனார். திரையை இழுத்துவிட்டு அவளை உள்ளே விட்டேன்.

மீன் பொதிகளை ஒதுக்கிவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டி ஒரு போத்தலில் போட்டுக்கொண்டாள். அத்துடன் போயிருப்பாள். இவர்தான் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். கொடுக்காவிட்டால் சந்தேகப்படுவாளாம்.

அவள் ஆறுதலாகக் குடித்தாள். வடதுருவப் பக்கம் சில மாதம் இருந்துவிட்டு வந்தவளாம். அங்கே கடல் முன்னைப்போல உறைவதில்லையாம். சிறுவயது முதல் நடந்து பழகிய பனியில் கால் வைக்கவே வேட்டைக்காரர்கள் யோசிக்கிறார்களாம். இங்கே நாம் சுரண்டி எறிகிற ஐஸை வீடு வீடாகச் சேர்த்துக் கண்காட்சி வைக்கப்போகிறாளாம். இதுவும் ஒரு கலையா? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அண்ணா வெளியே குளிருக்கு ஒன்றும் போடாமல் வெறும் சேட்டோடு நின்றார்.

வாசலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: “பல்கனியில் நிற்பவரை உள்ளே கூப்பிடுங்கள். நல்ல குளிர். நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன்.”

அவள் போனதும், அவள் இருந்த கதிரையில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். திரைக்குக் கீழே அண்ணாவின் கால்கள் தெரிந்தன.

உள்ளே வந்தவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. அவள் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அன்று பின்னேரமே நகரின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் ஒரு நண்பரிடம் போய்விட்டார்.

வசந்தத்தில் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. கலை பார்க்க அல்ல, உளவு பார்க்கத்தான் போனோம். வெள்ளைச் சுவரோரம் வரிசையாகப் போத்தல்கள். எல்லாம் உருகித் தண்ணீராகியிருந்தன. ஒன்றின் அடியில் ஒரு மீன்செதில் கிடந்தது. எங்களுடையதுதான். எந்தப் போத்தலிலும் பெயரோ முகவரியோ இல்லை. அவள் எங்களைக் கண்டு சிரித்தாள். அண்ணாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணா, அவள் உண்மையா ஐஸுக்குத்தான் வந்தவள். நீங்கள் திரும்பி வாங்கோ.”



“ஐஸ் உண்மையெண்டால், அவள் என்னைப் பாத்ததும் உண்மைதானே,” என்றார்.

அடுத்த கிழமை அந்த நண்பரின் வீட்டையும் விட்டுப் போய்விட்டார். புது முகவரியை எனக்குக்கூடச் சொல்லவில்லை.