வெளித்தாழ்ப்பாள்

என் மனைவிக்கு நடிப்பு வராது. இதை நான் சொல்லவில்லை, அவளை வைத்து நாடகம் போட்டவரே சொன்னது. ஒரு நாடகக் குழுவில் பல வருஷம் இருந்தாள், பெரும்பாலும் பிணமாக. மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாகாத நாட்களில் பின்திரைக்கு வண்ணம் அடிப்பாள். செத்துக் கிடந்தபடியே மற்றவர்களைப் பார்த்துத்தான், நடிப்பில் எது நிஜம் எது பூச்சு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். அந்தக் கண்ணை நம்பித்தான் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பித்தாள்.

நான் தச்சன். கீழே என் பட்டறை, மேலே அவள் வகுப்பு. சனி, ஞாயிறு மதியத்தில் நான் இழைப்பு மிஷினைப் போட்டால் மேலிருந்து குச்சியால் தரையைத் தட்டுவாள். நிறுத்தாவிட்டால் அன்று சாப்பாட்டில் உப்பு இருக்காது. ஊருக்கெல்லாம் டீச்சர், எனக்கு மட்டும் தலைவலி என்று சொல்லிக்கொண்டாலும், படியேறிப் போய் எட்டிப் பார்க்காமல் என்னாலும் இருக்க முடியாது.

முதல் பாதி கைவேலை. ஊதிய பலூன் மேல் பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, பாதியாக வெட்டி, கண்ணுக்கு ஓட்டை போட்டு, வண்ணம் தீட்டினால் முகமூடி. என் படிக்கட்டுக் கைப்பிடி முழுக்கப் பசைதான். இரண்டாம் பாதியில் அதைப் போட்டுக்கொண்டு நடிப்பு. அதற்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

"முகமூடி போட்டா நீ வேற ஆளு. கழட்டினப்புறம், உள்ள என்ன பேசினேன்னு யாரும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்."

வாயில் கொழுக்கட்டை வைத்தமாதிரி இருந்த பிள்ளைகள்கூட அந்தச் சட்டத்தால் வாய் திறந்தன. பெற்றவர்கள் வந்து என்ன பேசினான் என்று நோண்டினால் அவர்களுக்கும் பதில் கிடையாது. அந்தப் பிடிவாதத்தில் எனக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமை உண்டு.

எட்டு வயசில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் லாண்டரியில் வேலை. அப்பா எங்கே என்று கேட்டபோது அந்த அம்மா பேச்சை மாற்றினாள், நாங்களும் மறுபடி கேட்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேசுவதே இல்லையாம், நடிப்பு வகுப்புக்கு அனுப்பிப் பாருங்கள் என்றார்களாம். இங்கேயும் தலையாட்டல்தான். முகமூடி செய்யச் சொன்னதற்கு ஆந்தை செய்தாள். நான் அவளைச் சின்னக் கோட்டான் என்பேன். ஊமைக்கோட்டான் என்று முழுசாகச் சொன்னால் என் மனைவி முறைப்பாள்.

ஆந்தையைப் போட்டதும் அவளுக்குக் குரல் வந்தது. வீட்டை விட்டுக் கிளம்புகிற ஒருவராக நடிக்க வேண்டும் என்பது பயிற்சி. அவள் ஒரு காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்: "தூங்கணும். சத்தம் போடக் கூடாது. நான் வந்துடுவேன்." பிறகு இல்லாத கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். என் மனைவிக்குப் புல்லரித்துவிட்டது. வாராவாரம் அதையே நடிக்கச் சொன்னாள். அருமை என்றாள். கொஞ்சம் மெதுவாகச் சொல், திரும்பி ஒருதரம் நாற்காலியைப் பார் என்று திருத்தினாள். இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றப் பிள்ளைகளிடமும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை, கால் ஆடிய ஒரு ஸ்டூலைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு மேலே போனவன், அந்த நடிப்பை முதல்தடவையாக முழுக்கப் பார்த்தேன். முடிந்ததும் படி முனையில் நின்று என் மனைவியைக் கிண்டல் செய்தேன்.

"டீச்சரம்மா, உன் கோட்டான் வீட்டுக் கதவுக்குக் கீல் மாத்தணும் போல. இடது கையால கதவைத் தூக்கிப் பிடிச்சுட்டுத்தான் தாழ்ப்பாளையே போடுறா."

"என்ன சொன்னீங்க?"

"கதவு தொங்கிப்போனா அப்படித்தான் போடணும். வெளித்தாழ்ப்பாள் வேற."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. 

"இல்லாத கதவுக்குக் கனம் இருக்காதுங்க. எந்தப் பிள்ளையும் அதைத் தூக்காது," என்றாள். "அப்ப அது நிஜக் கதவு. உள்ள யாரோ இருக்காங்க."

மற்றவர்களை வண்ணம் தீட்ட மூலைக்கு அனுப்பிவிட்டு, ஆந்தையைக் கழற்றாமல் நின்றவளின் முன்னால் அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"நான் முழிச்சுட்டேன்," என்றாள், குழந்தைக் குரலெல்லாம் இல்லாமல், சாதாரணமாக. "தாகமா இருக்கு."

அவள் நாற்காலிப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு ஆந்தை சொன்னது, "பாட்டில்ல இருக்கு."

"எனக்கு வெளிய பாக்கணும்."

"ஸ்டூல் போட்டு ஏறாத. அன்னைக்கே சொன்னேன்ல. ஜன்னல்ல கம்பி இல்ல. மூணாவது மாடி."

என் கையில் இருந்த ஸ்டூலைக் கீழே வைத்தேன்.  என் மனைவி மெதுவாக அந்த ஆந்தையைக் கழற்றினாள். உள்ளே வியர்த்துப்போன சின்ன முகம்.

"இப்ப வீட்டுல யாரு இருக்கா?"

"கேக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். இப்ப கேக்குறேன், சொல்லும்மா."

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள், அழுகையோடு ஒரே ஒரு சொல் சொன்னாள். "தம்பி."

நாலு வயசு. வாரநாளில் பாலர் பள்ளியில் இருப்பான், சனி ஞாயிறு அது கிடையாது. மதியம் அவன் தூங்கும் நேரம்தானே என்று அம்மா வேலைக்குப் போய்விடுவாள், அம்மா சொல்லிவைத்தபடி இவள் தாழ்ப்பாள் போட்டுவிட்டு இங்கே வந்துவிடுவாள். இதெல்லாம் ஓடும்போதே தெரிந்துகொண்டது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு தாயிடம் வகுப்பை விட்டுவிட்டு மூவரும் ஓடினோம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எனக்கு அது முடிவதாகவே தெரியவில்லை.

மேலே பார்த்தபோது அவன் ஜன்னலில் இருந்தான். ஒரு முழங்கால் விளிம்பின் மேல், உடம்பு பாதி வெளியே. நான் கத்த வாயெடுத்தேன். என் மனைவி என் கையை நகம் பதிய அழுத்தினாள்.

"கத்தாதீங்க. திடுக்கிட்டு விழுந்துடுவான். மேல போங்க, சத்தமில்லாம."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியேறினேன். படிக்கட்டில் ஜன்னலே இல்லை, தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எந்த நிமிஷமும் கீழிருந்து ஒரு அலறல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே ஏறினேன். கதவு, இடது பக்கம் தொங்கிப்போன கதவு. தூக்கிப் பிடித்துத் தாழ்ப்பாளை மயிலிறகால் தடவுவதுபோல் இழுத்தேன்.

அவன் முதுகு தெரிந்தது. இன்னும் அதே முழங்கால். எட்டிப் பிடிக்கிற தூரம் இல்லை, அடி எடுத்து வைத்தால் தரைப்பலகை முனகுகிறது. அப்படியே நின்றேன். அவன் தெருவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினான், எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு அதை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டான். முழங்காலை மெல்ல உள்ளே எடுத்தான். ஸ்டூலில் நின்றான். பின்பக்கமாக ஒரு காலைத் தரையில் ஊன்றினான், அடுத்த காலையும். கடைசியாகச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

பாய்ந்து அள்ளிக்கொண்டேன்.

"நான் அவுட்டா?" என்று கேட்டான்.

"இல்லடா ராசா," என்றேன். அழுதுவிட்டேன்.

அவனைத் தூக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடுரோட்டில் அந்தப் பிள்ளையும் என் மனைவியும் தலையில் கைவைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தார். எதிரில் இருப்பவர் செய்வதை அப்படியே செய்யும் கண்ணாடி விளையாட்டாம் அது. வகுப்பில் கற்றதைத் தினமும் அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முதலில் கையைத் தூக்கியது அவள் செய்த பிழை. உடனே தலையில் வை என்று முணுமுணுத்தது என் மனைவி.

யாரோ போன் போட்டுச் சொல்லி அம்மா ஓடிவந்தாள். லாண்டரியின் ஈரக் கவுனைக்கூடக் கழற்றவில்லை. படிக்கட்டில் அதற்குள் ஒரு கூட்டம். பையனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"வீட்டு விஷயத்தை யாரு வெளிய சொன்னது?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "யாரும் சொல்லலம்மா. நாங்க சும்மா இந்தப் பக்கம் வந்தோம், ஜன்னல்ல..." நடிக்க வராது என்று அந்த நாடகக்காரர் சொன்னது எவ்வளவு உண்மை. கூட்டத்தில் ஒருத்தர்கூட நம்பவில்லை.

"நான்தாம்மா சொன்னேன்," என்றாள் மகள். அத்தனை பேர் முன்னால், வெறும் முகத்தோடு, கேட்கும்படியாக.

அம்மா கையை ஓங்கினாள். அது இறங்குவதற்குள் என் மனைவி நடுவே போய் நின்றாள். ஆனால் அடி விழவில்லை. அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், மகளின் பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

"நீயாவது சொன்னியே," என்றாள். "அவனைப் பூட்டிட்டுப் போறதை யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னு தெரியாம நான் வாராவாரம் செத்துட்டிருந்தேன்டி."