மைக்கில் ஒரு புருஷன்

சவரியப்பனுக்கு அறுபத்தாறு வயது. மிஷன் பள்ளி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரை ஞானஒளிவுபுரத்தில் வீடு. குடி, சீட்டு, சண்டை எதுவும் இல்லாத மனிதர். மனைவி எஸ்தரின் கணவர் மேல் பொறாமைப்படுவது ஒன்றுதான் அவரிடம் இருந்த கெட்ட பழக்கம். எஸ்தரின் கணவர் அவரேதான் என்பதில் சட்டப்படியோ சபைப்படியோ எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனாலும் பொறாமைப்பட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1985இல் தமுக்கம் மைதானத்தில் கிரேட் மரகதம் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போன ஆசிரியர்களோடு, தலை எண்ணுவதற்காகச் சவரியப்பனும் போனார். உச்சியில் இரண்டு ஊஞ்சல்கள். ஒன்றில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஓர் ஆண். மற்றொன்றிலிருந்து ஒரு பெண் கையை விட்டுப் பறந்து வந்தாள். அந்த ஆண் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். "அந்தரத்திலும் பிரியாத ஜோ - எஸ்தர் தம்பதி!" என்று மைக் அலறியது. சவரியப்பன் அன்று பிள்ளைகளைச் சரியாக எண்ணவில்லை.

பிறன் மனைவியை நினைத்துவிட்டோமே என்று பயந்து, அடுத்த சனிக்கிழமை சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் பரிகாரமாக மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்த மறுவாரம் எஸ்தரே பள்ளி அலுவலகத்துக்கு வந்து நின்றாள். கூடாரம் மதுரையில் இருக்கும் இரண்டு மாதத்துக்குத் தன் தங்கையைப் பள்ளியில் உட்காரவைக்க முடியுமா என்று கேட்டு, படிவத்தில் 'செல்வி எஸ்தர்' என்று கையெழுத்துப் போட்டாள்.

"மைக்ல தம்பதின்னு சொன்னாங்களே?"

"அது மைக்குக்குங்க. தேனிப் பக்கம் போனா நாங்க அண்ணன் தங்கச்சி."

கம்பெனியை நடத்திய மேலூர் பேயாண்டி முதலாளியின் ஏற்பாடு அது. ஒரு பெண்ணின் கையை ஓர் ஆண் பிடித்தால், அவன் யார் என்ற கேள்வி கேலரியில் எழும். எழுவதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. தேனியில் ஒருமுறை, தம்பதி என்றால் தாலி எங்கே என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். பறக்கிறவள் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. அதனால் அங்கே மட்டும் உடன்பிறப்பாக்கினார். கூடாரத்துக்குள் இது ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஊஞ்சலில் பிடிக்கிறவனுக்குப் பெயர் 'புருஷன்'. ஜோவுக்குக் காய்ச்சல் வந்தால், "இன்னைக்கு யாருப்பா புருஷன்?" என்று சமையல்காரர்கூடக் கேட்பார்.

மூன்று ஜெபமாலை வீணானதில் சவரியப்பனுக்கு வருத்தம்தான். ஆனாலும் அடுத்த வருடமே எஸ்தரைக் கைப்பிடித்தார். புது மனைவி தோசை சுட்டுக்கொண்டே, "எனக்கு மூணு புருஷன் மாறியிருக்காங்க, ஜோ அண்ணே மாதிரி ஒருத்தரும் வரல" என்று யதார்த்தமாகச் சொன்னாள். அர்த்தம் தெரிந்திருந்தும் அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஜோ பிறகு சோழவந்தானில் கொடிக்கால் குத்தகைக்கு எடுத்து, வெற்றிலை வியாபாரியாகத் தனியாகவே இருந்துவிட்டார். கிறிஸ்மஸுக்கு ஒரு கவுளி வெற்றிலையோடு வருவார். எஸ்தர் அதை ஈரத்துணியில் சுற்றி வைத்து ஒரு வாரம் போடுவாள். அந்த ஒரு வாரமும் சவரியப்பனுக்கு வெற்றிலை வாடை ஆகாது. மனைவி ஜோவை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். அதில் ஆறுதல் இல்லை. மதுரையில் பஸ் கண்டக்டரும் அண்ணன்தான்.

இந்த வருடம் மரகதம் சர்க்கஸ், மேலூர் சாலையில் ஒத்தக்கடை தாண்டி மறுபடி கூடாரம் போட்டது. முதலாளியின் மகன் சிவக்குமார் போன் செய்தார். பழைய கலைஞர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறாராம். "ஜோ எஸ்தர் தம்பதி அவசியம் வரணும்."

போனை எடுத்தவர் சவரியப்பன். "தம்பி, புருஷன் நான்தான்."

"மன்னிச்சுக்கங்க சார். அப்பா போட்ட நோட்டீஸ்ல அப்படித்தான் இருக்கு."

"நோட்டீஸ்ல ஆயிரம் இருக்கும். இந்தத் தடவை மைக்ல என் பேரைச் சொல்லணும். நானே எழுதித் தாரேன்."

அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே பட்டம் அதுதான். முத்து முத்தான எழுத்தில் இரண்டு பிரதி எழுதினார். 'திருமதி எஸ்தர், அவரது கணவர் திரு. சவரியப்பன், மற்றும் திரு. ஜோ.' அந்த 'மற்றும்' அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மணிக் காட்சி. மூவரும் வளையத்துக்குள் நின்றார்கள். அறிவிப்பாளர் தமிழ்வாணி சீட்டைப் பார்த்தாள். சர்க்கஸ் மைக்குக்கு அது மிகவும் வறட்சியாக இருந்திருக்க வேண்டும். பழைய நோட்டீஸிலிருந்து கொஞ்சம் ஈரம் சேர்த்தாள்.

"அந்தரத்தில் பறந்த எஸ்தர்! ஆயிரம் முறை அவரைப் பிடித்துக் காப்பாற்றிய அன்புக் கணவர் சவரியப்பன்! மற்றும் ஜோ!"

கேலரி கைதட்டியது. சவரியப்பனின் கை, அவரைக் கேட்காமலே உயர்ந்து கும்பிட்டது.

"பெருசு, இந்த வயித்த வச்சுக்கிட்டு எப்படிப்பே தொங்குன?" என்று மேல் படியிலிருந்து ஒரு குரல்.

"அப்ப வயிறு இல்ல!" என்றார் சவரியப்பன். ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும் மனிதர். கூடாரமே சிரித்தது.

போட்டோ எடுத்தவர் ஜோவிடம், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க, தம்பதிய மட்டும் எடுத்துக்கிறேன்" என்றார். ஜோ தள்ளிக்கொண்டார். நாற்பது வருடமாகத் தான் பட்டதை அந்த முகத்தில் ஒரு நிமிடமாவது பார்த்துவிட வேண்டும் என்று சவரியப்பன் திரும்பினார். ஜோ மேலே ஊஞ்சல் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தரும் அதே முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடது பக்கம் தளர்ச்சியா இருக்குல்லண்ணே?"

"ஒரு சாண் எறக்கிக் கட்டணும்."

சவரியப்பனும் அண்ணாந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்தது கூடாரத் துணியில் ஒரு கிழிசல் மட்டுமே.

வெளியே வந்ததும் எஸ்தர் பொன்னாடையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். ஜோ டீ வாங்கப் போயிருந்தார்.

"உங்களுக்கு என்னையப் பிடிக்கும். சரி. பிடிச்சது அவரு. ரெண்டையும் நீங்களே வச்சுக்கிருவீங்களோ?"

"மைக்ல ஒரு வார்த்தை சொன்னதுக்கு இம்புட்டுக் கோவமா?"

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான நீங்க நாப்பது வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? ஒருநா அவரு கை வழுக்கியிருந்தா நீங்க யாரக் கட்டியிருப்பீங்க?"

சவரியப்பன் பொன்னாடையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

காட்சி நன்றாகப் போனதால், நாலு மணிக்கும் ஒருமுறை நிற்கும்படி சிவக்குமார் கேட்டார். சவரியப்பன் தமிழ்வாணியிடம் சீட்டைத் திருப்பி வாங்கினார். தன் பெயரை ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோட்டில் அடித்தார். 'மற்றும்' என்பதையும் அடித்தார். 'பறந்தவர் எஸ்தர், பிடித்தவர் ஜோ' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார். திருத்தத்துக்கு ஒப்பம் இல்லாவிட்டால் செல்லாது அல்லவா.

"அப்ப நீங்க சார்?" என்றாள் தமிழ்வாணி.

"நான் பாக்க வந்தவன்மா."

இரண்டாவது வரிசையில் ஓர் இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மைக் இந்த முறை எழுதியதை எழுதியபடி சொன்னது. பக்கத்தில் இருந்த பெண், பொரியைக் கொறித்துக்கொண்டே கேட்டாள்:

"ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டியா சார்?"

"இல்லம்மா."

"அண்ணன் தங்கச்சியா?"

"அதுவும் இல்ல."

"பெறகு யாருதான்?"

சவரியப்பன் யோசித்தார். எத்தனையோ படிவங்களில் 'உறவு முறை' என்ற கட்டத்தை நிரப்பியவர். இதற்கு ஒரு சொல் வரவில்லை.

வளையத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு. அதைத் தாண்ட ஜோ கையை நீட்டினார். எஸ்தர் கேலரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தாண்டினாள். சவரியப்பனோடு கோரிப்பாளையத்தில் சாலையைக் கடக்கும்போது, அவருடைய கையையும் வருகிற வண்டியையும் இரண்டு இரண்டு முறை பார்க்கிறவள்.

"அவரு பிடிப்பாரும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "அது பெரிய வேலை."

"பாத்தாலே தெரியுதே" என்றாள் அவள்.

அந்தக் கடைசிச் சொல் அவருக்குத் தேவையில்லாததாகப் பட்டது. எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, நாலைந்து தட்டு தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.