கப்பலில் பதிந்த கட்டைவிரல்

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் சரக்குக் கப்பல் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பது மாதம் வரமாட்டான். அவன் மகளுக்கு ஆறு வயது. "அப்பா போற கப்பல் எப்டி இருக்கும்?" என்று கேட்டுக் கேட்டு எல்லோரையும் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் கப்பல் ஒன்றைப் பாகம் பாகமாக ஒட்டி, பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இது அலமாரியில் வைக்கிற கப்பல் இல்லை. தூங்கும்போதுகூடக் கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறாள். அதனால் பெயிண்ட் உரியவே கூடாது.

அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும். பாத்திர சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தேன். காயவைத்து, ஒட்டி, எமரித் தாளால் தேய்த்து, எங்கள் புதுப்பட்டினத்தின் பிசுபிசுத்த கடல்காற்று கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து மாடியில், பெயிண்டுக்கு அடியில் பிடிமானத்துக்குப் பூசும் பிரைமரை அடித்தேன். மறுநாள் பிடித்திருக்கிறதா என்று பார்க்க டேப் ஒட்டி இழுத்தால், டேப்போடு பிரைமரும் வருகிறது!

எனக்கு வந்ததே கோபம். பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போய், பிரைமர் விற்ற கடைக்கார பாயின் மேஜையில் கப்பலை டொம்மென்று வைத்தேன்.

"இன்னா பாய், டூப்ளிகேட் மாலா விக்கிறீங்க? கொழந்தைக்குன்னு உசுரக் குடுத்து செஞ்சிகினு கீறேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பாய் பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உரிஞ்ச எடமெல்லாம் ஒரே மாரி கீது பாரும்மா. உன் கட்டவெரல வெய்யி."

வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

"கழுவுனதுக்கு அப்பறம் எண்ணெக் கையோட தொட்டியா?"

அண்ணி விடியற்காலையில் வேலைக்கு ஓடிவிடுவாள். அந்தக் குட்டிக்குத் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வாரி ரெட்டை ஜடை போடுவது நான். போட்டுவிட்டு, நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே கப்பலோடு உட்கார்ந்துவிடுவேன். துடைத்தால் எண்ணெய் போய்விடுமா, மடச்சி! பாயிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் கப்பலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பிரைமரை முழுக்க உரித்து, மறுபடி கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு மெல்லிசாக மூன்று தரம் அடித்தேன். அது காய்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் குட்டி ஆசையாக ஓடிவந்து கையை நீட்டினாள். பளாரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தேன்.

"எண்ணெத் தலையத் தொட்ட கையால தொட்டின்னா பிச்சிக்கும்! கிட்ட வராத!"

அழவில்லை அவள். போய்விட்டாள். கறுப்பும் சிவப்பும் அடித்து முடித்து, சனிக்கிழமை சாயந்திரம் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். துளி அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை.

ஞாயிறு காலை வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் கப்பலை மகளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. நான் தொட்டா பிச்சிக்கும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "இன்னா சொல்லி வெச்சிகீற கொழந்த கிட்ட?"

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தப்புப் பண்ணியது என் கை, அடி வாங்கியது அவள் கை. பாய் மேல் கத்தினேன், பிள்ளை மேல் கத்தினேன், என் மேல் மட்டும் கத்தத் தெரியவில்லை எனக்கு. அவள் ஜடையை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தடவி, அந்த எண்ணெயைக் கப்பல் முழுக்கப் பூசினேன்.

"பாரு, பிச்சிக்கிச்சா? பிச்சிக்கினா அத்தை திரும்ப பெயிண்ட் அடிச்சித் தரேன். புடிடி!"

முதலில் ஒரு விரல் வைத்தாள். பிறகு வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஆட்டோ நகர்ந்தபோது டாட்டா காட்ட அவளுக்குக் கை ஒழியவில்லை; கப்பலையே தூக்கி ஆட்டினாள்.